இரண்டு வீட்டுக்கும் ஒரே வாய்

என் வீட்டுக்காரருக்கு ‘இல்லை’ என்கிற வார்த்தை வாயில் வராது. பிறவிக் கோளாறு. நாங்கள் எட்டாவது மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டில் புல்வெட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஏன் இருக்கிறது? கடைக்காரர் கேட்டார், இவர் சரி என்றார். பால்கனியில் அதன்மேல் துணியைப் போர்த்தி நான் வெங்காயம் காயவைக்கிறேன்.

பெயர் தார்சிஸ் மிபுரோ. எங்கள் புருண்டியில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்து, அடுத்து ஒன்று பிறந்து, அதற்கும் அடுத்துப் பிறந்தால் மிபுரோ என்று பெயர் வைப்பார்கள். முன்னால் மூன்று பேர் சட்டியை வழித்துவிட்டுப் போன வீட்டில் வளர்ந்த மனுஷன். கிடைத்ததற்கெல்லாம் சரி சொல்லியே பழகிவிட்டார். இப்போது ஐம்பத்தெட்டு வயதில், கனடாவில் காத்தினோ ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். போன குளிர்காலத்தில் பேருந்துப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, பனிச்சறுக்கு மேட்டுக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறார்கள். போயிருக்கிறார். நிர்வாகத்திலிருந்து இனி இப்படிச் செய்யக்கூடாது என்று கடிதம் வந்தது. அதற்கும் சரி என்று பதில் எழுதிப் போட்டார்.

ஆனால் நின்று பேச ஆரம்பித்தால், அடேயப்பா! அந்த வாய்க்கு நானே மயங்கியிருக்கிறேன், பொய் சொல்வானேன். எங்களில் பெண் கேட்கப் போகும்போது அப்பன்மார் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு பக்கமும் பேச்சாளர் வைத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும், பெண் வீட்டுப் பேச்சாளர் ஒன்றும் தெரியாதவர்போல, “யாரு நீங்க? வழி தவறி வந்துட்டீங்களா?” என்பார். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர், “எங்க கன்னுக்குட்டி ஒண்ணு உங்க பட்டிக்குள்ள வந்துருச்சு” என்று ஆரம்பிப்பார். பெண் என்ற சொல்லே ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும். கேட்கக் கேட்கக் கொடுக்க மாட்டோம் என்று பெண் வீட்டுப் பேச்சாளர் சொல்ல வேண்டும். எத்தனை தடவை மறுக்கிறார்களோ அத்தனை மதிப்பு பெண்ணுக்கு. மாடு என்று பேசுவார்கள், கடைசியில் வருவது பணம் வைத்த ஓர் உறை. அது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் மாடு என்றுதான் பேச வேண்டும்.

தார்சிஸ் இதுவரை நாற்பத்து மூன்று பெண்களைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவர். எல்லாமே மாப்பிள்ளை பக்கம். கெஞ்சுவது, புகழ்வது, நன்றி சொல்வது, இதிலெல்லாம் அவரை அடிக்க ஒட்டாவா ஆற்றுக்கு இந்தப் பக்கமும் ஆளில்லை, அந்தப் பக்கமும் ஆளில்லை. பெண் பக்கம் பேச அவரை யாரும் கூப்பிட்டதே இல்லை. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு எங்கள் சங்கங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பு ஒரே சங்கம், ‘ஒற்றுமைச் சங்கம்’ என்று பெயர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஊரில் தேர்தல் சமயத்தில் தெருவெல்லாம் டயர் எரிந்தபோது, இங்கே பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நாங்களும் கூடி, யார் செய்தது சரி என்று பேச ஆரம்பித்தோம். பேச்சு முடிவதற்குள் பதினொரு நாற்காலிகள் உடைந்தன. கஸ்பார் ஒற்றுமைச் சங்கத்துக்குத் தலைவராகவே இருந்துகொண்டார். லிபேர் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் ‘உண்மையான ஒற்றுமைச் சங்கம்’ தொடங்கினார். முரசுகளையும் பிரித்தார்கள். முன்னால் அடிக்கும் நடு முரசு கஸ்பாருக்கு. அதற்குப் பதில் அடிக்கும் எட்டு முரசுகள் லிபேருக்கு. ஜூலை முதல் தேதி சுதந்திர தினத்தன்று ஒரு கூடத்தில் ஒரே முரசு தனியாகக் கத்தும், பதில் வராது. நாலு தெரு தள்ளி இன்னொரு கூடத்தில் எட்டு முரசுகள் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் முட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து கஸ்பாரும் லிபேரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

இந்தக் கூத்தில் இரண்டு சங்கத்திலும் உறுப்பினராக இருக்கும் ஒரே ஆள் யார்? வேறு யார்! இரண்டு பேரும் சேரச் சொன்னார்கள், இரண்டு பேருக்கும் சரி என்றார். சுதந்திர தினத்தன்று மத்தியானம் அங்கே வாழைக்காயும் பீன்ஸும், நாலு மணிக்கு இங்கே வாழைக்காயும் பீன்ஸும். எனக்கு மானம் போகும், அவருக்கு வயிறு வீங்கும்.

போன மே மாதம் கஸ்பார் ஒரு பெட்டி பீரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மழையைப் பற்றி விசாரித்தார். பேருந்து டயரைப் பற்றி விசாரித்தார். என் முழங்கால் வலியைப் பற்றிக்கூட விசாரித்தார். கிளம்பும்போது கதவில் கை வைத்துக்கொண்டு, “ஆகஸ்ட் ரெண்டாவது சனிக்கிழமை என்கூட வந்து ஒரு வாய் குடியேன் தார்சிஸ்” என்றார்.

அவ்வளவுதான். எங்களில் பேச்சாளராக வரச் சொல்வது இப்படித்தான். யாருக்கு, எந்தப் பையன், எந்தப் பெண் என்று இவரும் கேட்கக் கூடாது, அவரும் சொல்லக் கூடாது. காரியம் முடியும் முன் பேரை வெளியே விட்டால் கண் பட்டுவிடும் என்று பயம். இவர் சரி என்றார்.

ஒன்பது நாள் கழித்து லிபேர் போன் செய்தார். அதே மழை, அதே டயர், அதே முழங்கால். “ஆகஸ்ட் ரெண்டாவது சனிக்கிழமை ஒரு இடத்துக்குக் குடிக்கப் போறோம். நீயும் கூட வந்தா நல்லா இருக்கும்.” இவர் சரி என்றார்.

“ஒரே நாள்ல ரெண்டா?” என்று கேட்டேன்.

“நம்ம ஆளுங்க ரெண்டு மணின்னா நாலு மணிக்கு வருவாங்க. ஒண்ணு ரெண்டு மணி, இன்னொண்ணு மூணு மணி. முதல்ல சொன்னது நாலு மணிக்கு ஆரம்பிக்கும். ரெண்டாவது ஆளுங்க இன்னும் மோசம், ஏழு மணிக்குத்தான் ஆரம்பிப்பாங்க. நடுவுல சாப்பிடக்கூட நேரம் இருக்கு, ஆர்லெட் அம்மா.”

ஆர்லெட் எங்கள் மகள். மான்ட்ரியலில் வேலை. நல்லவேளை, அவள் என் வாயோடு பிறந்தாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்தது. நான் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து ஈசோம்பே கிண்டிக்கொண்டிருந்தேன். மரவள்ளிக் கீரையைக் கிண்டும்போது யாரும் என்னோடு பேசக் கூடாது, அடி பிடித்துவிடும். போன் அடித்தது. லிபேர். மண்டப முகவரி சொன்னார், குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டினேன். அங்கே ஏற்கனவே கஸ்பார் கொடுத்த முகவரி ஒட்டியிருந்தது. படித்தேன். மறுபடியும் படித்தேன். கரண்டி கையிலிருந்து நாற்காலியில் விழுந்தது.

“ஆர்லெட் அப்பா! இங்க வாங்க. இது ரெண்டும் ஒரே மாதா கோயில் மண்டபம்.”

வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். “பெரிய கட்டடம். ரெண்டு மண்டபம் இருக்கும்.”

“அங்க ஒரு மண்டபம்தான். கழிப்பறையே ஒண்ணுதான், நான்தான் போன பாஸ்கா பண்டிகைக்கு அதைக் கழுவினேன்.”

“அப்ப முதல்ல ஒருத்தர், அப்புறம் ஒருத்தர்…”

“ஐயோ, மனுஷா! கஸ்பாருக்குப் பொண்ணு இருக்கு. லிபேருக்குப் பையன் இருக்கான்.”

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியில் ஈசோம்பே கரண்டி இருந்தது. அதைக்கூட உணரவில்லை.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. கஸ்பாரின் மகள் ஓர்னெல்லாவுக்குப் போன் செய்தேன். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண், எப்போதும் சிரிக்கும் பெண். நான் “நாளைக்கு…” என்றதுமே அழ ஆரம்பித்துவிட்டாள்.

“அத்தை, உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. லிபேர் மாமா மகன் தியெரிதான். மூணு வருஷமாச்சு.”

“அவனை எங்கடி பார்த்த? ரெண்டு வீடும் எதிரும் புதிருமா இருக்கே!”

“சுதந்திர தினத்தன்னிக்கு அவங்க கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு எண்ணிட்டு வான்னு அப்பா என்னை அனுப்பினாரு. அவங்க அப்பா அவனை எங்க கூட்டத்தை எண்ண அனுப்பியிருந்தாரு. நடுவழியில கார் நிறுத்துற இடத்துல பார்த்துக்கிட்டோம். ரெண்டு பேரும் எண்ணவே இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “ரெண்டு அப்பாவும் சம்மதிக்க ஒன்றரை வருஷமாச்சு அத்தை. அந்தாள்கிட்ட நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், பேச்சாளர் பேசட்டும், தார்சிஸ் என் பக்கம் இருந்தா வரேன்னு எங்கப்பா சொன்னாரு. தார்சிஸ் மாமா வர்றாருல்ல? அவரு வரலைன்னா எல்லாம் போச்சு.”

லிபேரும் தன் மகனிடம் இதையேதான் சொல்லியிருப்பார். வேறு யாரைக் கூப்பிட முடியும்? மற்ற பேச்சாளர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு சங்கத்தில் மட்டும் இருக்கிறார்கள், எதிர்ச் சங்கம் அவர்களை ஏற்காது. தார்சிஸ் எதிர்ப்பக்கமும் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்தால் இரண்டு அப்பன்களில் ஒருவர் எழுந்து போவார். இந்தப் பெண்ணின் கல்யாணம் அத்தோடு முடிந்தது.

“இப்பவே கஸ்பாருக்குப் போன் போடுங்க. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்க. என்னால வர முடியாதுன்னு ஒரு வார்த்தை” என்று போனைக் கையில் திணித்தேன்.

போன் செய்தார். பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்றேன். மழையைப் பற்றிப் பேசினார். கஸ்பாரின் ரத்த அழுத்தம் பற்றிப் பேசினார். இருபது நிமிடம் கழித்து, “சரி, நாளைக்குப் பார்ப்போம்” என்று வைத்தார். அடுத்து லிபேருக்குப் போட்டுக் கொடுத்தேன். அங்கே இருபத்தைந்து நிமிடம். கடைசியில், “கண்டிப்பா, கண்டிப்பா” என்று வைத்தார். ஈசோம்பே அடி பிடித்துக் கரியாகப் போனது. அன்று நான் அவருக்குச் சோறு போடவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன்.

சனிக்கிழமை. நான் தோளில் முடிச்சுப் போட்டு இம்வுதானோ உடுத்திக்கொண்டேன், பட்டுத் துணி, ஆர்லெட் வாங்கிக் கொடுத்தது. அவர் கறுப்புக் கோட்டு. மண்டபத்தில் நாற்காலிகளை இரண்டு பகுதியாக எதிரெதிரே போட்டிருந்தார்கள், நடுவில் ஆறடி இடைவெளி. கிறிஸ்துமஸ் குடிலின் ஒட்டகமும் ஆடுகளும் அடுக்கியிருக்கும் பக்கத்து அறையில் ஓர்னெல்லா அத்தைமார்களோடு ஒளிந்திருந்தாள். பெண்ணைக் கொடுத்தோம் என்று சொல்லும்வரை அவள் வெளியே வரக் கூடாது.

தார்சிஸ் நேரே போய்ப் பெண் வீட்டுப் பேச்சாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். கஸ்பார் அவர் முதுகில் தட்டி, “இன்னிக்கு அவங்களை அழவிடணும்” என்றார். இவர் சரி என்றார். மூன்றே முக்காலுக்கு அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. லிபேர் ஆட்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். “கழிப்பறைக்குப் போயிட்டு வந்துடறேன்” என்று எழுந்து, சமையலறைப் பின்கதவு வழியாக ஓடினார். நான் சமையலறையில்தான் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டி ஓடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் முன்வாசல் திறந்தது. மாப்பிள்ளை வீட்டார் அறுபது பேர் வரிசையாக வந்தார்கள். முன்னால் கம்பீரமாக நடந்து வந்தவர் என் வீட்டுக்காரர்.

கஸ்பார் எழுந்தார். லிபேர் பக்கமே திரும்பாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தார்சிஸ், அந்த மனுஷன்கிட்ட சொல்லு. நீ என் ஆளு.”

லிபேரும் கூரையைப் பார்த்தார். “தார்சிஸ், அந்த மனுஷன்கிட்ட சொல்லு. நீ என் ஆளு.”

இவர் வலப்பக்கம் திரும்பி, “நான் அவர் ஆளாம்” என்றார். இடப்பக்கம் திரும்பி, “நான் இவர் ஆளாம்” என்றார். பிறகு நடு இடைவெளியில் வந்து நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டு பேருக்கும் வாக்கு குடுத்துட்டேன். ரெண்டையும் காப்பாத்தறேன். உக்காருங்க” என்றார்.

கடவுளே, பிறகு நடந்ததை என்னவென்று சொல்வேன்! பெண் வீட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்து, “யாரு நீங்க? வழி தவறி வந்துட்டீங்களா?” என்றார். எழுந்து ஆறடி தாண்டி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, “எங்க கன்னுக்குட்டி ஒண்ணு உங்க பட்டிக்கு வந்துருச்சு” என்றார். ஜனம் சிரித்தது. புது விளையாட்டு என்று நினைத்துக் கை தட்டினார்கள். மறுபடி தாண்டினார். “அப்படியா? எங்ககிட்ட ஒரு நல்ல கன்னுக்குட்டி இருக்கு.” தாண்டினார். “எங்களுக்குத் தருவீங்களா?” தாண்டினார்.

இந்த இடத்தில் மறுக்க வேண்டும். ஏழு தடவை, பத்துத் தடவை மறுக்க வேண்டும். நான் வாழைக்காய்க் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று அவர் வாயையே பார்த்தேன். உதட்டைக் குவித்தார். தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறந்தார்.

“சரி” என்றார்.

எட்டு மாடு என்று கேட்டார், எட்டு மாடு என்று ஒத்துக்கொண்டார், தனக்குத்தானே கை குலுக்கினார். மொத்தம் நாலு நிமிடம்.

சிரிப்பு நின்றது. கஸ்பார் முகம் கறுத்தது. “நாலு நிமிஷம்! என் பொண்ணு நாலு நிமிஷப் பொண்ணா? காரை நிறுத்தவே இவங்களுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு! எந்திரிங்க எல்லாரும். ஓர்னெல்லாவைக் கூட்டிட்டு வா, வீட்டுக்குப் போறோம்!”

பக்கத்து அறையில் ஏதோ விழுந்து உடைந்தது. ஒட்டகமோ என்னவோ. அந்தப் பெண் விம்முவது மண்டபம் வரை கேட்டது. லிபேர் ஆட்களும் கோட்டை மாட்ட ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் நடுவில் தனியாக நின்றார். அந்த வாயைத் தவிர இந்த நாட்டில் அவருக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது? எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் தெரியாது.

“உக்காருங்க கஸ்பார்!” என்று கத்தினேன். “பொண்ணை யார் குடுத்தது? நாங்க குடுக்கலையே!”

கரண்டியோடு போய்ப் பெண் வீட்டுப் பேச்சாளர் நாற்காலியில் உட்கார்ந்தேன். “இவர் உங்க ஆளு. கூட்டிட்டுப் போங்க” என்று என் வீட்டுக்காரரை எதிர்ப்பக்கம் தள்ளினேன்.

முன்வரிசையில் பெரியவர் வெனெராண் தடியை ஊன்றிக்கொண்டு, “இந்த நாற்காலியில பொம்பளை உக்காந்து நான் பார்த்ததில்ல” என்றார்.

“இப்ப பாருங்க பெரியவரே. கண்ணாடி வேணும்னா போட்டுக்குங்க.”

நான் தார்சிஸைப் பார்த்து, “யாரு நீங்க?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆனது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “தூரத்து மலையிலிருந்து வர்றோம் தாயே. எங்க கன்னுக்குட்டி ஒண்ணு தப்பி உங்க பட்டிக்குள்ள வந்துருச்சு.”

“எட்டாவது மாடியில இருக்கறவருக்குக் கன்னுக்குட்டி ஏது? லிஃப்டுல ஏறி வந்துச்சா?”

மண்டபம் வெடித்தது. கோட்டு மாட்டியவர்கள் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள்.

“எங்க பையன் நல்ல மேய்ப்பன்” என்றார்.

“எதை மேய்ச்சான்?”

“கம்ப்யூட்டரை.”

“அது பால் குடுக்குமா? கிடையாது. பொண்ணு இல்லை, போங்க.”

“வீட்டு வேலை எல்லாம் செய்வான் தாயே. பாத்திரம் கழுவுவான்.”

“உங்க பக்கத்து ஆம்பளைங்க பாத்திரம் கழுவி நான் பார்த்ததில்லை.”

“நேத்து ராத்திரிதானே ஒரு சட்டியை…”

“ஊறவெச்சீங்க! இன்னும் ஊறிக்கிட்டுத்தான் இருக்கு!”

பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். இரண்டு சங்கத்துப் பெண்களும்தான். அவர் புகழ்ந்தார், நான் மறுத்தேன். அவர் மலைகளைப் பாடினார், ஏரியைப் பாடினார், ஓர்னெல்லாவின் பாட்டன் பூட்டனை எல்லாம் எழுப்பி நிறுத்தினார். அவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எதிரில் இடித்துத் தள்ள ஒரு சுவர் கிடைத்ததும் மனுஷனுக்கு அத்தனை வேகம். எட்டு மாட்டைப் பதினைந்தாக்கினேன். ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. வாழைக்காய் ஆறிக் கல்லாகிவிட்டது. கஸ்பார் பின்னாலிருந்து என் துணி நுனியை இழுத்து, “போதும் யூஃப்ராசி, குடுத்துடும்மா” என்று கிசுகிசுத்தார்.

“அப்பன்காரன் பேசக் கூடாது” என்றேன்.

எனக்கு வேகம் ஏறியிருந்தது. சிரிக்க வைக்கத்தான் அடுத்ததைக் கேட்டேன், வேறு எண்ணமில்லை. “உங்களை எப்படி நம்புறது? போன தடவையும் எங்ககிட்டயிருந்து ஒரு பொண்ணைக் கூட்டிட்டுப் போனீங்களே, யூஃப்ராசின்னு. அவளுக்கு எத்தனை மாடு குடுத்தீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். தார்சிஸ் சிரிக்கவில்லை. பிறகு பேச்சாளர் குரலே இல்லாமல், வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

“ஒண்ணும் குடுக்கல. கேட்கவே இல்ல. கிபொண்டோ அகதி முகாம்ல யார்கிட்டப் போய்க் கேட்கறது? அவ அப்பா வர்ற வழியிலேயே போயிட்டார். அண்ணனும் இல்ல. ஒரே ரேஷன் அட்டையில பேரு எழுதினா எண்ணெய் சேர்த்துத் தருவாங்கன்னு சொன்னாங்க, எழுதிக்கிட்டோம். அதான் எங்க கல்யாணம்.” என் பக்கம் திரும்பினார். “அவளைக் குடுக்க மாட்டோம்னு சொல்ல ஒரு ஆள்கூட இல்ல.”

இருபத்தேழு வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அழுதால் பெண் வீட்டுக்கு அவமானம். அதனால் கத்தினேன்.

“அப்ப முதல்ல அந்த மாட்டைக் கொண்டுவந்து கட்டுங்க. அப்புறம்தான் ஓர்னெல்லா!”

“ஏய் கஸ்பார்!” லிபேர் துள்ளி எழுந்தார். “என்னடா அநியாயம் இது? அவன் பொண்டாட்டிக்கு நான் ஏன்டா மாடு குடுக்கணும்?”

“அப்ப நான் குடுக்கவா?” என்று கஸ்பார் கத்தினார். “கேட்காம கூட்டிட்டு வந்தது உன் ஆளுதானே!”

“உன் ஆளும்தான்டா!”

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. இருவரும் நேருக்கு நேர் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்பது வருடம்.

லிபேர் தலையைச் சொறிந்தார். “பாதிப் பாதி போட்டுக்கலாமா?”

கஸ்பார் யோசித்தார். “எந்தப் பாதி? கறக்கிற பக்கம்னா நான் போடறேன்.”

“அப்ப கொம்பும் வாயும் எனக்கா? தீனி நான் போடணும், பால் உன் பேர்லயா?”

“வெட்கமா இல்ல?” என்று பெரியவர் வெனெராண் தடியால் தரையை இடித்தார். “சங்கத்தைப் பிரிச்சீங்க, முரசைப் பிரிச்சீங்க, இப்ப மாட்டையும் பிரிக்கிறீங்களா? முழு மாடு! ரெண்டு பேரும் சேர்ந்து!”

சரி என்றார்கள். இருவரும் ஒரே நேரத்தில்.

நானும் எழுந்து நின்று, “ஓர்னெல்லாவைக் குடுத்தோம்” என்றேன். அறைக் கதவு அதற்கு முன்பே திறந்துவிட்டது. கண்மை கன்னமெல்லாம் வழிய அந்தப் பெண் ஓடி வந்தாள். தியெரி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான். குலவை கிளம்பியது. கஸ்பாரும் லிபேரும் நடு இடைவெளியில் வைத்த ஒரே வாழைக்கள் பானையில் ஆளுக்கொரு உறிஞ்சு குழாயைப் போட்டுக்கொண்டு, யார் அதிகம் குடிக்கிறார் என்று சண்டை பிடித்தார்கள்.

என் வேலை முடிந்தது என்று கரண்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினேன். “பொறு” என்றது ஒரு குரல். தார்சிஸ் அந்த ஆறடி இடைவெளியின் விளிம்பில் நின்றிருந்தார்.

“இந்த வீட்டுல யூஃப்ராசின்னு ஒருத்தி இருக்கா” என்றார். “அவளைக் கேட்டு வந்திருக்கேன்.”

நான் என்ன சொல்வது? என் வாய், எதற்கும் அடங்காத வாய், அன்று திறக்கவில்லை.

எனக்குப் பின்னாலிருந்து கஸ்பார் எழுந்தார். “யாருய்யா நீ? உன்னை எங்களுக்குத் தெரியாதே.”

லிபேர் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஆறடி தாண்டி எங்கள் பக்கம் வந்து நின்றுகொண்டார். “குடுக்க மாட்டோம்” என்றார்.

“முடியாது” என்றாள் ஓர்னெல்லா.

“அவ்வளவு சுலபமா? போய்யா!” பெண்கள் எழுந்தார்கள். அந்தச் சங்கம், இந்தச் சங்கம், மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, நாற்காலி நாற்காலியாக எல்லாரும் எழுந்து என் பக்கம் வந்தார்கள். எதிரில் அறுபது காலி நாற்காலிகள். அவற்றின் முன்னால் என் வீட்டுக்காரர் ஒருவர் மட்டும், கண்ணீர் மோவாயில் சொட்ட, காது வரை சிரித்துக்கொண்டு நின்றார். “குடுக்க மாட்டோம்! யூஃப்ராசியைக் குடுக்க மாட்டோம்!” என்று நூற்று இருபது பேர் கத்தினார்கள். நான் துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

எட்டு மணி வரை என்னைக் கொடுக்கவே இல்லை.